பிரிஹிதாவின் பாரச் சட்டை

பிரிஹிதா வராச்சிக்குக் கோபம் வந்தால் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டேதான் திட்டுவாள். மலை மேல் ஏரிக்கரை ஊரான எங்கள் புனோவில் கந்தெலாரியா மாதா திருவிழாவுக்கு ஆடுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். "அளவு குடுத்தப்போ இந்த வயிறு இல்லையே. எப்ப வந்துச்சு இது? மாதாவுக்கு ஆடப் போறியா, மாதா முன்னாடி பிள்ளை பெத்துக்கப் போறியா?" என்று ஒரு வங்கி மேலாளரைக் கேட்டாள். அந்த மனுஷர் பல்லைக் காட்டிக்கொண்டே வயிற்றை உள்ளே இழுத்தார். வேறு யாரிடம் போவார்? ஜரிகையும் கண்ணாடிச் சில்லும் பதித்து இருபது கிலோவுக்கு ஆட்ட உடை தைத்து, அந்தக் கனம் ஆடுகிறவன் தோளை அறுக்காமல் உட்கார வைக்க எங்கள் ஊரில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

நான் நெலிதா குத்திப்பா. சந்தைக்குப் பின்னால், ஆணிக்கடைக்கு மாடியில், பிள்ளைகளுக்குத் தெரப்பி கொடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை என்று பிரிஹிதாவிடம் நூறு தடவை சொல்லியாகிவிட்டது. "அரெகிப்பா போய் அஞ்சு வருஷம் படிச்சுட்டு வந்தா டாக்டர்தான்" என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஆனாலும் 'டாக்டரம்மா'வை அவள் விடவில்லை, 'அக்கா'வை நான் விடவில்லை.

முதல் தடவை வந்தபோது பள்ளிக்கூடத்து டீச்சர் கொடுத்த சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களாக்கா?" என்று கேட்டேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னாள். பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எத்தனை தாய்மாரின் கண்ணாடி எத்தனை வீடுகளில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பிற்பாடு ஒருநாள் அவளே சொன்னாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் காகிதத்தில் கழுதைக் காது செய்து தலையில் கட்டி முற்றத்தில் நிறுத்துவார்களாம். "எழுத்து எனக்கு ஒரு இடத்துல நிக்காது டாக்டரம்மா. நான் பார்த்தா நகரும். அடிச்சா இன்னும் வேகமா நகரும்." மூன்றாம் வகுப்போடு ஓடிவிட்டாள். அதிலிருந்து எழுத்தைக் கண்டால் கண்ணைத் திருப்பிக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. கடைப் பலகையோ மருந்துப் பாட்டிலோ, எதில் எழுத்து இருந்தாலும் பார்வை வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். ஆட்டக்காரர்களின் அளவையெல்லாம் நூலில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஒரு முடிச்சுகூடத் தப்பியதில்லை.

அவளுடைய ஒரே மகள் நொயெமி. அப்போது எட்டு வயது. அப்பன் லாரி ஓட்டிக்கொண்டு எல்லைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பெண்ணுக்குச் சட்டைக் காலரில் துணிச் சீட்டு உரசினால் அழுகை. எந்தக் கதவைத் தாண்டினாலும் இடது தோள் நிலையில் மோதும். எழுத்துகள் தலைகீழாக நிற்கும், திரும்பிக்கொள்ளும், வரியை விட்டு இறங்கிப் போகும். ஆனால் ஆட்ட உடை ஒன்று பாதி தைத்துத் தரையில் கிடந்தால் அதற்கு அடியில் புகுந்து, அந்த இருபது கிலோவையும் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவாளாம். "நசுங்கிச் செத்துடுவாளோன்னு எனக்குப் பயம். அவ என்னடான்னா குறட்டை விடுறா."

அவள் உடம்பு கேட்பதைத்தான் நான் இங்கே கொடுக்கிறேன் என்று சொன்னேன். டிஸ்லெக்சியா இருக்கிற பிள்ளைகள் சிலருக்கு எழுத்தோடு உடம்பும் சண்டைக்கு நிற்கும். தொட்டால் ஆகாது, எங்கே தான் முடிந்து கதவு தொடங்குகிறது என்று தெரியாது. அவர்களை ஊஞ்சலில் குப்புறப் படுக்கவைத்து ஆட்டுவேன், மெல்லிய பிரஷ்ஷால் கையைத் தேய்ப்பேன், துணிக் குழாய்க்குள் ஊர்ந்து போகச் சொல்வேன், பாரம் வைத்துத் தைத்த சட்டையைப் போட்டுவிடுவேன். உடம்பு ஓய்ந்து உட்கார்ந்த பிறகு மணல் தட்டில் விரலால் எழுத்து. ஊஞ்சல் ஆடினால் படிப்பு வந்துவிடாது, எழுத்தைத் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் ஆகும் என்று முதல் நாளே எல்லாத் தாய்மாரிடமும் சொல்லிவிடுவேன். பாதிப் பேர் அன்றோடு நின்றுவிடுவார்கள்.

பிரிஹிதா நிற்கவில்லை. "எத்தனை வருஷம் ஆனாலும் ஆகட்டும். என் தலையில கட்டின காதை அவ தலையில கட்ட விடமாட்டேன்" என்றாள். என்னிடம் இருந்த பாரச் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "இதை எந்தக் கொத்தனார் தைச்சான்?" என்று கேட்டாள். அடுத்த வாரமே ஏழு சட்டை தைத்துக் கொண்டுவந்தாள். சண்டை போட்டுப் பிரிந்துபோன ஓர் ஆட்டக் குழுவுக்கு வாங்கிய நீலத் துணி மிச்சம் இருந்ததாம். ஏழும் ஒரே நீலம். முதலில் உள்ளே பார்லி போட்டிருந்தாள். எலிக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. பிறகு ஏரிக்கரைச் சிறு கூழாங்கற்களைக் கழுவிக் காயவைத்துப் போட்டாள்.

அந்தச் சட்டைகளில் ஒன்றை நொயெமிக்கு முன்பிருந்தே என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண் தனதாக்கிக்கொண்டாள். யானெத் என்று பெயர். ஒன்பது வயது. அவளுக்குப் படிப்பில் குறையில்லை, உடம்புதான் பிரச்சினை. யாராவது தொட்டால் தீப்பட்டதுபோல் துள்ளுவாள், குதிகால் தரையில் படாமல் நடப்பாள். மற்றபடி கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படிப்பாள். என் மேஜையில் இருந்த மின்சார ரசீதைக்கூட விட்டதில்லை. மற்றப் பிள்ளைகள் சட்டையை எடுத்துவிடுகிறார்கள் என்று அவள் அம்மா காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் பெயரைத் தைத்துவிட்டாள். அந்த வருடக் கடைசியில் குடும்பமே மேலே தங்கச் சுரங்க ஊருக்கு, பனிமலைக்குப் பக்கத்தில், பிழைக்கப் போய்விட்டது. சட்டை என்னிடமே தங்கிவிட்டது.

நொயெமி விழுந்தது அடுத்த வருடம் ஆகஸ்ட் மாதம். ஆகஸ்டில் பூமி வாயைத் திறந்துகொண்டிருக்கும், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். நான் படித்தவள் இல்லையா, அன்றைக்கு ஊஞ்சலை வழக்கத்தைவிட உயரமாக ஆட்டினேன். கீழே தெருவில் ஏதோ பேட்டைத் திருவிழா, வாத்தியக் கோஷ்டி போய்க்கொண்டிருந்தது. எவனோ விட்ட வாணம் நேராக வந்து எங்கள் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே வெடித்தது. நொயெமி ஊஞ்சலிலிருந்து மெத்தையில் விழுந்தாள். ஒரு கீறல் இல்லை. ஆனால் முகம் சாம்பலாகிவிட்டது. போட்டிருந்த பாரச் சட்டையெல்லாம் ஈரமாக்கிவிட்டாள். நானே அதைக் கழற்றி, அலசி, மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். காய்ந்ததும் பெட்டியில் வைத்தேன். வைத்ததை மறந்தும் போனேன்.

அதற்குப் பிறகு பெண் சாப்பிடவில்லை. கண்ணைப் பாதி திறந்துகொண்டு தூங்கினாள். கூப்பிட்டால் திரும்பினாள், ஆனால் பார்க்கவில்லை. சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சத்து மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

ஏழாம் நாள் பிரிஹிதா படியேறி வந்தாள். வாயில் ஊசி இல்லை.

"அவ அனிமோ உங்க ரூம்லயே நின்னுடுச்சு டாக்டரம்மா. கூப்பிட்டுட்டுப் போகணும். அவ அன்னைக்குப் போட்டிருந்த சட்டையைக் குடுங்க."

அனிமோ என்றால் உடம்புக்குள் இருக்கிற உயிர்த்துணை. அதிர்ச்சியில் அது நழுவினால், விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்தி நேரத்தில் பிள்ளையின் துணியைக் காட்டி, மணி அடித்து, பெயர் சொல்லி அழைத்து வரவேண்டும். என் அம்மா எனக்கே இரண்டு தடவை செய்திருக்கிறாள். இருந்தாலும் எனக்கு எரிச்சல்தான். "அக்கா, இது பயம். நரம்பு. இன்னும் பத்து நாள்ல சரியாப் போகும்" என்றேன்.

"சரியாப் போகட்டும். சட்டையைக் குடுங்க."

இருட்டிக்கொண்டு வந்தது. கொக்கியில் ஒரு நீலச் சட்டை தொங்கியது. எடுத்துக் கொடுத்தேன். அவள் தைத்த சட்டைதான். வாங்கித் தடவிப் பார்த்தாள். உள்பக்கம் சிவப்பு நூல் இருந்ததை அவள் கை உணர்ந்திருக்கும். ஆனால் எழுத்து என்றதும் அவள் கண் அந்தப் பக்கம் போய்விட்டது. என் கண்ணுக்கு என்ன கேடு? நான் பார்க்கவே இல்லை.

ஊஞ்சலுக்கு அடியில் சட்டையைப் பரப்பி, அதில் இரண்டு மிட்டாய் வைத்தாள். சின்ன மணியை அடித்தாள். "வா கண்ணு. வா போலாம். இங்க நிக்காதே. அம்மா வந்திருக்கேன், வா" என்று தரையில் சட்டையை மெல்ல இழுத்துக்கொண்டே கதவைத் தாண்டினாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் கீழே தெருக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, முறைப்படி, "வருதா?" என்று கேட்டேன். "வருது" என்றாள். மரப்படியில் அவள் காலடி கேட்டது. கனமான பொம்பளை, படி அழுதது. அவளுக்குப் பின்னால் இன்னொரு காலடியும் கேட்டது, லேசாக, குதிகால் படாமல். எலியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை நொயெமி எழுந்து சூப் கேட்டாள். இரண்டு கிண்ணம் குடித்தாள். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் பல் வைத்தியர் பலகையை நிறுத்தாமல் படித்தாள்.

ஊரே பேசியது. டீச்சர் என்னைத் தெருவில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார். பிரிஹிதா ஒரு கூடை ரொட்டியோடு வந்து, என் தோளில் அழுதாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலைகால் புரியாமல் பூரித்துப் போய், அரெகிப்பாவில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியைக்கு நாலு பக்கம் அறிக்கை எழுதி அனுப்பினேன். இவ்வளவு வேகத்தில் எந்தப் பிள்ளையும் தேறியதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் இருந்தன. நொயெமி கதவில் மோதுவதை நிறுத்திவிட்டாள். நான் பிரஷ்ஷை எடுத்தால் உடம்பைச் சுருக்கிக்கொண்டாள். ஆட்ட உடையை அவள் மேல் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று அலறினாளாம். அந்தி சாய்ந்தால் இருமல். காலணியோடுதான் தூங்குவேன் என்று அடம். ஒருநாள் தெரப்பி முடிந்து பிரிஹிதா அழைத்துப் போக வந்தபோது, "மழை வரும் போலிருக்கு. நீங்க சால்வையைப் போட்டுக்கோங்க, செஞ்ஞோரா" என்றாள். பெற்ற தாயை யாராவது வழியில் பார்த்த பெண்மணி மாதிரி அழைப்பார்களா? அதுவரை 'நீ, வா, போ'தான். பிரிஹிதா சால்வையைப் போட்டுக்கொண்டாள்.

என் அறையிலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, ஐந்தரை மணி வாக்கில், நான் பெருக்கிக்கொண்டிருப்பேன். கதவு நிலையில் தொம் என்று ஒரு சத்தம் வரும். ஒரு சின்னத் தோள் உயரத்தில், இடது பக்கம். போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். கீழே ஆணிக்கடையில் மூட்டை இறக்குகிறார்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கேட்டது. சில நாள் நாலு தடவை, ஐந்து தடவை, கதவைத் தாண்ட முயன்று முயன்று தோற்கிற மாதிரி.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மாலை, மணல் தட்டைக் கட்டையால் சமமாக்கிவிட்டு, மூடுவதற்கு முன் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். தட்டில் ஓர் எழுத்து இருந்தது. நொயெமியின் பெயரில் முதல் எழுத்து. அவள் முன்பெல்லாம் போடுவதுபோலத் திரும்பி நின்றது. ஒரு மாதத்துக்கு மேலாக அவள் எழுத்தைச் சரியாகத்தான் போடுகிறாள். அன்று மதியம்கூட என் கண் முன்னால் போட்டாள்.

அவள் விழுந்தன்று போட்டிருந்த சட்டை ஞாபகம் வந்தது. ஏனோ நேராகப் பெட்டியைத் திறந்தேன். நான் அலசிக் காயவைத்த சட்டை மடித்தபடி அதில் இருந்தது. அப்படியானால் பிரிஹிதா கொண்டுபோய்த் திருப்பித் தந்து, கொக்கியில் தொங்குவது? விளக்கடியில் பிடித்துக் காலரைத் திருப்பினேன். சிவப்பு நூலில் யானெத் என்று இருந்தது.

யானெத்தின் அம்மாவுக்கு போன் போட்டேன். மூன்று தடவை அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் காற்றின் இரைச்சல். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "உங்களுக்கு யாரும் சொல்லலையா? ஜூன்ல போய்ட்டா டாக்டர். நெஞ்சுச் சளி. கீழ இறக்கிக் கொண்டுவர்றதுக்குள்ள வழியிலயே" என்றாள். நான் என்ன ஆறுதல் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் மத்தியானம் பிரிஹிதா வீட்டுக்குப் போனேன். திருவிழா வேலை தொடங்கியிருந்தது. வாய் நிறைய ஊசியோடு ஒரு தோள்பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். உள் அறையில் பெண் பழைய செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். விலைவாசி, கால்பந்து, இரங்கல் செய்தி, எல்லாம் ஒரே குரலில்.

இரண்டு சட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அக்கா, தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் துணி உருண்டையில் குத்தினாள். "எனக்குத் தெரியும் டாக்டரம்மா."

"எது தெரியும்?"

"அது என் பொண்ணு இல்லைன்னு. மூணாவது நாள்லயே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"படிக்கிறா டாக்டரம்மா" என்றாள். குரல் கீழே போய்விட்டது. "கேளுங்க, எப்படிப் படிக்கிறா. நாப்பத்தி மூணு வருஷத்துல என் வீட்டுக்குள்ள ஒருத்தரும் எழுத்துப் படிச்சதில்ல. என் பேரை ஒரு பேப்பர்ல காட்டி, இதுதான் நீங்கன்னு சொன்னா. டீச்சர் என்னை உக்காரச் சொல்லி காப்பி குடுத்தாங்க. எனக்கு. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு தள்ளிட்டே போனேன். பரீட்சை முடியட்டும்னு நெனச்சேன். என் பிள்ளை எங்கயோ தூங்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அப்போதுதான் நிலையில் கேட்கிற சத்தத்தைச் சொன்னேன். மணல் தட்டைச் சொன்னேன்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"இடது."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கதவைத் தாண்டத் தெரியாம நிக்குது. நாப்பத்தஞ்சு நாளா அந்த ரூம்ல தனியா நிக்குது. நான் இங்க உக்காந்து பேப்பர் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு இருக்கேன். பாவி. நானெல்லாம் ஒரு அம்மா." வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுகைச் சத்தம் மட்டுமே கேட்டபோதுதான் உள்ளே படிப்பு நின்றுபோனதைக் கவனித்தேன்.

பெண் வாசலில் நின்றாள். நொயெமியின் முகம், நொயெமியின் உடைந்த முன்பல். விரல் செய்தித்தாளில் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. குதிகால் தரையில் படவில்லை.

"நான் போகணுமா, செஞ்ஞோரா?"

பிரிஹிதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் பேர் என்னம்மா?"

"யானெத்."

"ஏன் வந்தே கண்ணு?"

"நீங்க கூப்பிட்டீங்க. வேற யாரும் கூப்பிடல. இங்க கதகதன்னு இருந்துச்சு."

"நான் உன்னைக் கூப்பிடலடி. சட்டை மாறிப்போச்சு."

"சட்டையில என் பேர் இருந்துச்சே."

"எனக்குப் படிக்கத் தெரியாது."

அந்தப் பிள்ளை அதை யோசித்தது. "அப்ப நான் போய்ட்டா உங்களுக்கு யார் படிச்சுக் காட்டுவா?"

பிரிஹிதா எழுந்து வந்தாள். அவளைத் தொடப் போனாள். அது பின்வாங்கவே, தொடாமல் கையை மடக்கிக்கொண்டாள். "இருமலுக்கு ஏதாச்சும் சூடாக் குடிச்சுட்டுப் போலாம்" என்று மட்டும் சொல்லி அடுப்படிக்குப் போனாள். சூப் வைத்துக் கொடுத்தாள். அது முழுவதையும் குடித்துவிட்டு, நன்றி சொன்னது.

வெள்ளிக்கிழமை அந்தியில் மூன்று பேரும் மாடி ஏறினோம். பிள்ளை தானாகவே மெத்தையில் படுத்து, சிவப்பு நூலில் தன் பெயர் தைத்த சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. பிரிஹிதா சரியான சட்டையைக் கையில் எடுத்தாள். எடுக்கும் முன் காலரை என்னிடம் காட்டி, "பேர் எதுவும் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மணியை அடித்தாள். ஊஞ்சலுக்கு அடியில் கூப்பிட்டாள். துணிக் குழாயின் வாயில் குனிந்து கூப்பிட்டாள். "நொயெமி. நொயெமி வராச்சி. அம்மாடி. பிரிஹிதா பெத்தவளே. வா, போலாம்." முன்பு அவள் பெயரே சொல்லாமல் கூப்பிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கதவருகே போனபோது தொம் என்று நிலை அதிர்ந்தது. பிரிஹிதா திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையை அந்த நிலைக்கு அடியில் விரித்து, "இடிச்சா பரவாயில்லடி. இடிச்சுக்கிட்டே வா" என்றாள். அவள் சட்டையைத் தூக்கியபோது அது நிரம்பிய குடம்போலக் கீழே இழுத்தது, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். மெத்தைக்குக் கொண்டுவந்து பிள்ளையின் மேல் வைத்து அழுத்தினாள். உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கண் திறந்தது.

"அம்மா, குளிருது" என்றாள் நொயெமி. பிறகு, "நீ ஏன் இவ்வளவு நாள் வரல?" என்று கேட்டாள்.

பிரிஹிதா அவளைத் தன் கனத்தையெல்லாம் போட்டு இறுக்கிக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

என் கையில் இருந்த சட்டை கதகதவென்று இருந்தது. அடுத்த நாள் மறுபடியும் சுரங்க ஊருக்கு போன் போட்டேன். பைத்தியக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று, உங்கள் பெண் இங்கே இருக்கிறாள், ஒருநாள் வந்து மணி அடித்துக் கூப்பிட்டுப் போங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் நினைக்கவில்லை. அழவும் இல்லை. "அங்க கணப்பு இருக்கா டாக்டர்?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "புத்தகம்?" இருக்கிறது என்றேன். "அப்ப அங்கயே இருக்கட்டும். இங்க தண்ணிகூட உறைஞ்சு கெடக்கு" என்று வைத்துவிட்டாள். அந்தச் சட்டையை நான் எந்தப் பிள்ளைக்கும் போடுவதில்லை. மாலையில் பெருக்கும்போது சில நாள் செய்தித்தாளின் பக்கம் தானாகப் புரளும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பெருக்கிவிட்டு வந்துவிடுவேன்.

டிசம்பரில் பரீட்சை. டீச்சர் பிரிஹிதாவோடு என்னையும் வரச் சொல்லியிருந்தார். நொயெமி வெளியே முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். டீச்சர் விடைத்தாளை மேஜையில் போட்டார்.

"செப்டம்பர்ல இந்தப் பொண்ணு இதே இடத்துல நின்னு பேப்பர் படிச்சா. இன்னைக்கு ஒரு வரி வரல. எழுத்தெல்லாம் திரும்பி நிக்குது. பிள்ளையை என்ன பண்ணீங்க? தெரியாமதான் கேக்குறேன், நடிக்கிறாளா?"

நான் டிஸ்லெக்சியாவைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். பிரிஹிதா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செப்டம்பர்ல படிச்சது வேற வீட்டுப் பிள்ளை டீச்சர்" என்றாள். "தங்கமான பிள்ளை. என் பிள்ளை வெளியில ஓடிக்கிட்டு இருக்கே, அதுதான். அதை மறுபடியும் மூணாவதுலயே போடுங்க."

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் பேனாவை எடுத்து, பெயருக்கு நேரே மூன்றாம் வகுப்பு என்று எழுதினார்.